மாமனாரைக் கொன்று பனிச்சறுக்குப் போனோம்

1

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. இங்கிலாந்தில் பொங்கல் தை முதல் தேதியில் வராது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம் வாடகைக்குக் கிடைக்கிற சனிக்கிழமையில்தான் வரும். காகிதக் கிண்ணத்தில் ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தேன். புதிதாகக் குடிவந்திருக்கும் மன்னார்குடிப் பெண் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு கயல் ஜி.சி.எஸ்.இ. முடிச்சிட்டாள்ல? எங்க பையனுக்கு அடுத்த வருஷம். அந்த வருஷம் நீங்க ஸ்கீயிங்கை எப்படிக்கா பிளான் பண்ணீங்க?"

நன்றாகக் கவனியுங்கள். பிள்ளையை எப்படிப் படிக்க வைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பரீட்சை வருஷத்தில் பனிமலைக்குப் போகத்தான் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அதெல்லாம் அவளுக்கு முடிந்துபோன விஷயம். தேதிதான் பாக்கி. நாடு விட்டு நாடு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தத் தேர்ச்சி.

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்மா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். நாங்கள் சமாளித்த லட்சணத்தைக் காகிதக் கிண்ணத்தோடு உட்கார்ந்து சொல்ல முடியாது. ஊரில் இருக்கிற உங்களுக்காவது எழுதி வைக்கிறேன்.

2

முதலில் இந்தப் பனிச்சறுக்கு என்னும் கூத்தைப் பற்றி. என் வீட்டுக்காரர் செல்வத்துக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். வரப்பைவிட உயரமான மேடு அங்கே கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிற தரை. அந்த மண்ணில் பிறந்தவர், கம்ப்யூட்டர் படித்தவர்களை விமானம் விமானமாக ஏற்றி அனுப்பிய காலத்தில் இங்கே வந்து இறங்கினார். சில வருஷங்கள் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு அலுவலகத்தில் மேனேஜராக ஆக்கினார்கள். அங்கே மேனேஜர்கள் எல்லாரும் பிப்ரவரி முடிந்ததும் முகம் கறுத்து வந்து மலைக் கதை பேசுவார்களாம். இவரும் பேச வேண்டாமா?

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் பிரான்ஸ் நாட்டு மலைக்குப் போகிறோம். நாங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, அவர் கழுகு மாதிரி பறக்கிறார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உண்மை என்னவென்றால், அவர் மலையில் நிற்கிற நேரத்தைவிட உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். இரும்புப் பெட்டி மாதிரி ஒரு வாடகைச் செருப்பு. அதைக் காலில் பூட்டவே இரண்டு ஆள் வேண்டும். கால் கனக்க, மூக்கு ஒழுக, கீழே விழுந்து கிடக்கிறவரைச் சுற்றிக்கொண்டு மூன்று வயது வெள்ளைக்காரக் குழந்தைகள் சர்ரென்று போகும். நான் அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்து சூடான சாக்லேட் குடித்துக்கொண்டு எல்லாருடைய கையுறைகளையும் காவல் காப்பேன். காசு கொடுத்து விழுந்து எழுந்து வருகிற இந்த வேலைக்குப் பெயர் விடுமுறை.

கயல் மட்டும் நிஜமாகவே சறுக்குவாள். இங்கே பிறந்தவள், அவளுக்கு வரும். அதற்காக அவள் ஆசைப்பட்டதாகவும் நினைவில்லை. வா என்றால் வருவாள்.

3

கயலுக்கு ஜி.சி.எஸ்.இ. வருஷம் வந்தது. நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரி. மே மாதம் தொடங்கி ஜூன் வரை இழுக்கும். அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்த படிப்பு.

ஊரில் பரீட்சை வருஷம் என்றால் கேபிளைப் பிடுங்கிப் போடுவார்கள், வீட்டுக் கல்யாணத்தைக்கூடத் தள்ளி வைப்பார்கள். சரி, இந்த வருஷமாவது மலை இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். என் வீட்டுக்காரர் மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். மேட்டூர் திறக்கிற தேதிக்கு என் மாமனார்கூட இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் போக முடியாது, ஜனவரியில் மாதிரித் தேர்வு. பிப்ரவரி அரைப்பருவ லீவில் இங்கிலாந்தே அந்த மலையில்தான் நிற்கும், மகாமகக் கூட்டம். ஈஸ்டர் லீவில் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. பரீட்சை முடிந்து போகலாம் என்றால் ஜூலையில் மலையில் புல்தான் இருக்கும். மிச்சம் மார்ச் முதல் வாரம். அப்போது பனியும் உண்டு, கூட்டமும் கிடையாது. ஒரே தொந்தரவு, அந்த வாரம் பள்ளிக்கூடம் உண்டு.

"ஒரு வருஷம் போகலேன்னா மலை எங்கேயாவது எழுந்து போயிடுமா?" என்று கேட்டேன்.

"உனக்குப் புரியாது அமுதா. பிள்ளைக்கு ஸ்ட்ரெஸ் குறையும். அதோட, நாம போகலேன்னா எனக்கு வேலை போயிடுச்சுன்னுல்ல பேசுவானுங்க."

"பரீட்சைன்னு போகலேன்னு சொல்லுங்க."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லிட்டுத் திருட்டுத்தனமாப் போறானுங்க."

அது உண்மை. எங்கள் தமிழ்க் கூட்டத்தில் அந்த வருஷம் யாரைக் கேட்டாலும் 'பரீட்சைங்க, எங்கேயும் போகலை' என்றுதான் பதில் வரும். கண் பட்டுவிடுமாம். ஆனால் மாடியிலிருந்து பனிச்சறுக்குப் பலகை இறங்கிக்கொண்டிருக்கும்.

4

இங்கே பள்ளி நாளில் பிள்ளையைச் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பெற்றோருக்கு அபராதம். நெருங்கிய சொந்தத்தில் சாவு, சீரியஸ் என்றால் மட்டும் தலைமையாசிரியர் லீவு தருவார். இதைப் படித்ததும் என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்த நிமிஷம் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுவிட்டார். இந்தியாவில் அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், குடும்பத்தோடு உடனே போக வேண்டும்.

என் மாமனார் அன்றைக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையைத் தள்ளி வைத்த எழுத்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குரல் அடுத்த கிராமத்துக்குக் கேட்டதாகத் தகவல்.

இந்தப் பொய்யை நம் பக்கத்தில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. அதற்கு லீவுக் காரணம் என்று பெயர். குத்தாலத்தில் நான் படித்த பள்ளியில், அறுவடைக்கு அறுவடை என் வகுப்புப் பையன்களுக்குப் பெரியப்பா செத்துப்போவார். வாத்தியாருக்கும் தெரியும். அவருக்கே வயலில் ஆள் விட்டு அறுக்க வேண்டியிருக்கும், அவரும் யாரையாவது சாகடித்துவிட்டுத்தான் போவார். லீவு முடிந்து வந்ததும் செத்தவரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நாகரிகம் எல்லாரிடமும் உண்டு.

என் வீட்டுக்காரர் செய்த தப்பு, அந்த நாகரிகம் இங்கேயும் இருக்கும் என்று நம்பியதுதான்.

5

மலைக்குப் போனோம், விழுந்தோம், வந்தோம். கயல் முகம் பனி வெயிலில் கறுத்து, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. இந்திய வெயில் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் நாளே மிஸஸ் வுட் அவளைத் தனியாக அழைத்தார். பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற அம்மாள் அவர். "தாத்தா எப்படி இருக்கிறார், கண்ணே?" என்று கேட்டிருக்கிறார். கயலுக்குப் பொய் வராது. என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். மிஸஸ் வுட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போய்விட்டாரா" என்று கண் கலங்கிவிட்டார். என் மாமனார் அப்படித்தான் செத்தார்.

வீட்டுக்கு வந்து இவள் சொன்னதும், என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்படியே விட்டுடு. சீரியஸ்னா வாரா வாரம் கேப்பாங்க. போயிட்டாருன்னா ஒரு தடவையோட முடிஞ்சுது."

பெற்ற அப்பாவைப் பற்றி. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

ஒரு தடவையோடு முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அனுதாப அட்டை வந்தது, வகுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டு. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி கேக் கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளைக்காரர்களுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது என்று நம்மவர்கள் பேசுவது பச்சைப் பொய். விசாரித்தே கொன்றுவிடுவார்கள். வாரம் ஒரு முறை கயல், மிஸஸ் வுட்டின் அறையில் உட்கார்ந்து தாத்தாவைப் பற்றி நினைவுகூர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மனசு லேசாகுமாம்.

6

அவளுக்கு நினைவுகூர என்ன இருந்தது? ஊருக்குப் போகிற நாட்களில் ஏசி அறையை விட்டு வெளியே வராத பெண். தாத்தா கூப்பிட்டால் 'ம்' என்பாள். மிஸஸ் வுட்டோ பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பார். தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்? எதற்குச் சிரிப்பார்? ஒன்றும் தெரியாது என்று சொல்ல இவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே தாத்தாவுக்கு வீடியோ போன் போட்டாள். அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

"யாரு, கயலா? என்னம்மா, அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கள்ல? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல தாத்தா. சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மாவா!" என்று சிரித்தார். அவர் மகன் அவரைச் சும்மா கூப்பிட்டதே இல்லை.

இவள் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். அவர் சாந்தமான கிழவர் எல்லாம் இல்லை. சண்டைக்காரர். மதகைத் திருட்டுத்தனமாகத் திறந்த பக்கத்து வயல்காரனைச் சேற்றில் தள்ளியதைச் சொன்னார். தாலுகா ஆபீசில் பட்டா மாற்றுவதற்கு எத்தனை விதமாகப் பொய் சொன்னார் என்பதைப் பெருமையாகச் சொன்னார். "ஆபீசுல உண்மையைச் சொன்னவன் காரியம் நடந்ததா சரித்திரம் கிடையாதும்மா" என்றார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அதையெல்லாம் இங்கிலீஷில் மிஸஸ் வுட்டிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு உயிர்த்துடிப்பான மனிதர் என்றாராம்.

பிறகு மிஸஸ் வுட்டுக்காக என்பது போய்விட்டது. ஞாயிறு வந்தால் கயல் கதவைச் சாத்திக்கொண்டு தாத்தாவோடு பேசுவாள். அவள் தமிழ் எனக்கே ஆச்சரியமாகத் தெளிந்துகொண்டு வந்தது. அவரோ கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, "எங்க லண்டன் பேத்தி" என்று சுற்றி நிற்கிறவர்களுக்கெல்லாம் போனைத் திருப்பிக் காட்டுவார். நாங்கள் லண்டனுக்குப் பக்கத்தில்கூட இல்லை. யார் சொல்லுவது? பதினாறு வயதில் என் பெண்ணுக்கு முதல்முறையாக ஊரில் ஒரு ஆள் கிடைத்திருந்தார். எனக்கு அதில் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்.

7

ஏப்ரல் கடைசியில் மிஸஸ் வுட் ஒரு நல்ல செய்தி சொன்னார். பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் நெருங்கிய உறவை இழந்த பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்துகிறவர்கள் கொஞ்சம் மதிப்பெண் கூட்டித் தருவார்களாம். பள்ளிக்கூடமே கேட்டு வாங்கித் தரும், கயல் சரி என்று சொன்னால் போதும்.

"கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். மலைக்கும் போயாயிற்று, மார்க்கும் வருகிறது.

கயல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, தாத்தா செத்ததுக்கு மார்க் வாங்கச் சொல்றீங்களா? நேத்துதானே அவர்கிட்ட பேசினேன்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே கயல். நஷ்டம் யாருக்கு?"

மறுநாள் அவள் மிஸஸ் வுட்டிடம் போய், என் தாத்தா உயிரோடு இருக்கிறார், வாரா வாரம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள். மிஸஸ் வுட் கோபப்படவில்லை. ரொம்ப மெதுவாகத் தலையாட்டினாராம். உண்மையை ஏற்க மனசு மறுப்பது துக்கத்தில் ஒரு கட்டம்தான், பயப்படாதே என்றாராம். அன்றைக்கு மத்தியானமே எங்கள் இருவரையும் வரச் சொல்லிப் போன் வந்தது. இந்த நாட்டில் பொய்யை நம்ப வைக்க ஒரு போன் போதும். உண்மையை நம்ப வைக்கக் குடும்பமே போக வேண்டும்.

சின்ன அறை. மேஜையில் டிஷ்யூ பெட்டி. மிஸஸ் வுட் மிகுந்த கனிவோடு, "கயல் தாத்தாவோடு இன்னும் பேசுவதாக நம்புகிறாள். வீட்டில் கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

சொல்லிவிடலாம் என்று நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருமிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "அவளுக்கு அவர்மேல் ரொம்பப் பாசம்."

கயல் போனை எடுத்தாள். மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். மணி அடித்ததும் என் மாமனார் தலைப்பாகையோடு திரையில் வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே? பரீட்சைக்குப் படிக்கலையா?" என்றவர், குனிந்து உட்கார்ந்திருக்கும் மகனையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் வெள்ளைக்கார அம்மாளையும் பார்த்துவிட்டார். ஆயுசு முழுக்கத் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கியவருக்கு, மேஜைக்கு எந்தப் பக்கம் யார் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். "செல்வம் ஏன்டா அங்க உக்காந்திருக்கே?"

கயல்தான் சொன்னாள். "தாத்தா, நாங்க மலைக்குப் போறதுக்காக அப்பா உங்களுக்கு ரொம்ப சீரியஸ்னு லீவு கேட்டாங்க. இப்ப இவங்க நீங்க செத்துட்டதாவே நினைச்சுக்கிட்டிருக்காங்க. நீங்க யாருன்னு சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

கிழவர் கண் சிமிட்டவில்லை. "சொன்னா உங்கப்பனுக்கு என்ன பண்ணுவாங்க?"

"ஃபைன் போடுவாங்க. பொய் சொன்னாருன்னு பேர் ஆகும்."

அவர் ஒரு கணம்கூட யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மிஸஸ் வுட்டுக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

"அம்மா, வணக்கம்ங்க. நான் செல்வத்தோட சித்தப்பனுங்க. அண்ணன் போயிட்டாருங்க. நல்ல சாவுங்க. எங்க பையன் பொய் சொல்ற புள்ளை இல்லீங்க." பிறகு பேத்தியைப் பார்த்து, "இதை அப்படியே சொல்லும்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நிஜமான அழுகை, தோள் குலுங்கியது. மிஸஸ் வுட் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி, "உங்கள் தந்தைக்காக நீங்கள் அழுவது நல்லது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது.

கயல் போனைக் கையில் எடுத்து மிஸஸ் வுட் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்: "இவர்தான் என் தாத்தா. என் அப்பாவைக் காப்பாற்ற இப்போது தன்னையே செத்தவராகச் சொல்கிறார். நாங்கள் இந்தியாவுக்குப் போகவில்லை. பனிச்சறுக்குப் போனோம்."

மிஸஸ் வுட் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். என் வீட்டுக்காரரின் அழுகை நின்றுவிட்டது. திரையில் கிழவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொன்னே அந்தம்மாகிட்ட?"

"நீங்க என் தாத்தான்னு சொன்னேன்."

"நான் என்ன சொல்லச் சொன்னேன்?"

அவள் போனை மறுபடி மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

"பெத்த அப்பனை ஆபீஸ்காரங்ககிட்ட காட்டிக் குடுத்துட்டியேம்மா" என்றார். திரை அணைந்தது.

8

அபராதம் வந்தது, கட்டினோம். மிஸஸ் வுட் எங்களைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அனுதாப அட்டை, திருப்பித் தருவதா, கிழிப்பதா என்று தெரியாமல் அலமாரியில் கிடக்கிறது. கயல் பரீட்சை எழுதினாள், யார் சாவின் தயவும் இல்லாமல் நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

மகனை என் மாமனார் மறுநாளே மன்னித்துவிட்டார். மன்னிக்க அவருக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. "பொய்யா சாவுச் சேதி பரவினா ஆயுசு கூடும்டா, விடு" என்று போனில் சிரித்தார். இப்போது அடிக்கடி மகனோடு பேசுகிறார். மகனும் சும்மாவே கூப்பிடுகிறார். இருவருக்கும் நடுவே அப்படி ஒரு புதுப் பாசம், பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

கயல் கூப்பிட்டால் மட்டும் எடுப்பதில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டுப் பார்த்தாள், மணி அடித்து அடித்து நிற்கும். தேர்வு முடிவு வந்த அன்று என் வீட்டுக்காரர் அவரோடு போனில் பேசும்போது, "கயல் பக்கத்துல நிக்கிறா, குடுக்கட்டுமா?" என்று கேட்டார். "நல்லா படிக்கச் சொல்லு. நெல்லு காயுது, வெச்சிடறேன்" என்று பதில் வந்தது. அவள் நீட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். கொன்றவனோடு பேசுவார், உயிரோடு இருக்கிறார் என்று சொன்னவளோடு பேச மாட்டார். என்ன நியாயம் இது? எங்கள் ஜில்லா நியாயம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

என் வீட்டுக்காரர் அடுத்த மலைக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். கயல் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நேற்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து அவளும் மடித்தாள்.

"அம்மா, அன்னைக்கு நான் தாத்தா சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா, அவர் இப்ப என்கிட்ட பேசிக்கிட்டிருப்பார்ல?"

இல்லடி, அவர் கோபம் வேறே, நீ செய்ததுதான் சரி, எல்லாம் நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் அவளிடமும் பொய்யா?

"பேசிக்கிட்டிருப்பார்" என்றேன்.